பத்து பவுண்ட் பயணச்சீட்டும் அதன் நிபந்தனைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 31 அன்று ஆஸ்திரேலிய நகரங்களில் நடந்த குடியேற்ற எதிர்ப்புப் பேரணிகளை ஒட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தோம். இந்தியர்களைப் பெயர் சொல்லிக் குறிவைத்த துண்டறிக்கைகளைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிரிட்டிஷ்காரர்கள் வெயிலையும் கடற்கரையையும் தேடிப் போனவர்கள், நம்மவர்கள் பிழைப்பைத் தேடிப் போனவர்கள் என்ற பொருளில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையல்ல. பிரிட்டிஷ்காரர்களும் வீட்டுக்கும் வேலைக்கும் சாப்பாட்டுக்கும்தான் போனார்கள். வித்தியாசம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பலேறிய அவர்கள் பத்து பவுண்ட் மட்டும் கட்ட, கட்டணத்தின் பெரும்பகுதியை அரசு கட்டியது என்பதில் இருக்கிறது. அந்தக் காசோடு சில நிபந்தனைகளும் வந்தன. அவர்களைப் பற்றி ஆஸ்திரேலியாவில் இன்றுவரை நிலவும் அபிப்பிராயங்களில் பல அந்த நிபந்தனைகளிலிருந்து பிறந்தவை. குடியேற்ற ஆவணங்களோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

முதலில் அவர்கள் விட்டுப் போன ஊரின் நிலை. போர் 1945-ல் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. போர் நடந்த காலத்தில்கூட ரேஷனுக்கு வராத ரொட்டி 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்து 1948 வரை நீடித்தது. இறைச்சிக்கான ரேஷன் நீங்க 1954 ஜூலை ஆயிற்று. குண்டுவீச்சில் இடிந்த நகரங்களில் வீடு கிடைக்காமல், கல்யாணமான தம்பதிகள் பெற்றோர் வீட்டின் ஓர் அறையில் பிள்ளைகளோடு காலம் தள்ளினார்கள். 1946–47 குளிர்காலத்தில் நிலக்கரி வந்து சேராமல் மின்சாரம் வெட்டப்பட்டது, தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அந்தக் குளிர்காலம் முடியும் தறுவாயில், 1947 மார்ச் 31 அன்று ஆஸ்திரேலியாவின் உதவிப் பயணத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வெயிலைக் காட்டும் வண்ணச் சுவரொட்டிகள் இருந்தது உண்மை. அதைவிட அழுத்தமாக அவை காட்டியவை தனி வீடு, தோட்டம், நிரந்தர வேலை.

ஆஸ்திரேலியாவுக்கும் அவசரம் இருந்தது. 1942-ல் ஜப்பான் டார்வின் மீது குண்டு போட்டபோது, அவ்வளவு பெரிய கண்டத்தில் சுமார் 70 லட்சம் பேர்தான் இருந்தார்கள். 1945-ல் அந்நாட்டின் முதல் குடியேற்ற அமைச்சரான ஆர்தர் கால்வெல், மக்கள்தொகையைப் பெருக்காவிட்டால் அழிவுதான் என்று சொல்லி ஆள் திரட்டினார். யாரைத் திரட்டுவது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை: முதலில் வெள்ளை பிரிட்டிஷ்காரர்கள், அவர்கள் போதாதபோது மற்ற ஐரோப்பியர்கள்.

கட்டணம் இப்படி: பெரியவர்களுக்கு 10 பவுண்ட், 14 முதல் 18 வயதுவரை 5 பவுண்ட், அதற்குக் கீழே இலவசம். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் தனி ஒப்பந்தத்தின் கீழ் முற்றிலும் இலவசம். முழுக் கட்டணம் ஏறத்தாழ 120 பவுண்ட். மீதியை அரசுகள் ஏற்றன. விண்ணப்பம் லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவிலுள்ள ஆஸ்திரேலியா ஹவுஸுக்குப் போகும். மருத்துவச் சோதனை, காசநோய்க்காக மார்பு எக்ஸ்ரே, பிறகு நேர்காணல். உறவினரோ முதலாளியோ தேவாலயமோ தங்குமிடத்துக்குப் பொறுப்பேற்று முன்மொழிந்தால் வரிசையில் சீக்கிரம் இடம் கிடைக்கும். யாரும் இல்லாதவரை மத்திய அரசே முன்மொழியும், அவர் அரசு விடுதிக்குப் போவார். இந்த ஒரு பாகுபாடுதான் பின்னால் பலருடைய கதையை முடிவு செய்தது. ஆரம்ப வருடங்களில் விண்ணப்பங்கள் குவிந்தும் கப்பல் பற்றாக்குறையால் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள், ஏனென்றால் போரில் மூழ்கியதும் படைகளை ஏற்றிச் செல்ல எடுக்கப்பட்டதும் போக மிஞ்சிய கப்பல்கள் குறைவு.

லண்டனுக்குக் கிழக்கேயுள்ள டில்பரி துறைமுகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அங்கே இறங்கினார்கள். அவர்களும் பிரிட்டிஷ் குடிகள்தாம், பலர் போரில் பிரிட்டனுக்காகப் பணியாற்றியவர்கள். மிகக் கீழ்த்தட்டு இருக்கைக்கே சுமார் 28 பவுண்ட் சொந்தக் காசு கட்டி வந்தார்கள். அதே டில்பரியிலிருந்து அதே ஆண்டுகளில் வெள்ளை பிரிட்டிஷ் குடிகள் 10 பவுண்டுக்கு ஆஸ்திரேலியா போனார்கள். கறுப்பு பிரிட்டிஷ் குடிக்கு அந்தச் சீட்டு கிடையாது. 1901-ன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோலின் நிறத்தை வெளிப்படையாகச் சொல்லாமல் எழுதப்பட்டது. வேண்டாதவருக்கு அவர் அறியாத ஏதோவொரு ஐரோப்பிய மொழியில் எழுத்துப் பரீட்சை வைத்துத் தோற்கடிக்க அதிகாரிக்கு அதிகாரம் தந்தது. அந்தப் பரீட்சை 1958-ல்தான் நீக்கப்பட்டது. நிறக் கொள்கையின் கடைசி எச்சங்கள் 1973-ல் விட்லம் அரசின் காலத்தில் போயின.

நம் பக்கத்துக் கடலும் இதில் உண்டு. சூயஸ் திறந்திருந்த காலத்தில் இந்தக் கப்பல்கள் போர்ட் சைட், ஏடன் வழியாக வந்து கொழும்பில் நின்று, பிறகு ஃப்ரீமாண்டிலுக்குப் போகும். பயணம் நான்கிலிருந்து ஆறு வாரம். கொழும்பில் ஏற விரும்பிய இலங்கைப் பறங்கியர்கள் (ஐரோப்பிய, இலங்கைக் கலப்பு வம்சத்தவர்) தங்கள் வம்சாவளியில் பெரும்பகுதி ஐரோப்பியம் என்று தாத்தா பாட்டி காலத்து ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. கொழும்புத் தமிழர்களுக்கும் சிங்களவர்களுக்கும் நிரூபிக்கிற வாய்ப்பே இல்லை. உங்கள் கட்டுரை பிரிட்டிஷ்காரர்களையும் நம்மவர்களையும் ஒப்பிட்டதால் இதைச் சொல்கிறோம்: அந்தக் காலத்தில் நம்மவர்கள் போகாததற்கு ஆசை இல்லாதது காரணமல்ல.

இனி விடுதிகள். "எப்போது பார்த்தாலும் முனகும் பாம்" (Pom, பிரிட்டிஷ்காரருக்கான பட்டப்பெயர்) என்று ஆஸ்திரேலியர்கள் பிரிட்டிஷ்காரர்களைச் சொல்வது உங்கள் வாசகர்கள் பலருக்குக் கிரிக்கெட் வர்ணனை மூலம் தெரிந்திருக்கும். அந்த முனகலின் விளைநிலம் இந்த விடுதிகள்தாம். சிட்னியில் வில்லவுட், ஈஸ்ட் ஹில்ஸ், பன்னராங், அடிலெய்டில் ஃபின்ஸ்பரி, கெப்ஸ் கிராஸ், மெல்பர்னில் மரிபிர்னாங், பெர்த்தில் கிரேலண்ட்ஸ், பிரிஸ்பேனில் வாகோல். பல இடங்களில் போர்க்காலப் படைமுகாம்களின் நிஸ்ஸன் குடில்கள். நெளிதகரத்தை அரைவட்டமாக வளைத்துக் கவிழ்த்த கூரைதான் சுவரும். நடுவே மெல்லிய தடுப்பு வைத்து இரண்டு குடும்பங்கள். கோடையில் தகரம் கொதிக்கும், குளிர்காலத்தில் உள்பக்கம் ஈரம் வழியும். கழிப்பறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் பொது. குடிலுக்குள் சமைக்கக் கூடாது. பொது உணவுக்கூடத்தில் வரிசையில் நின்று, அவர்கள் போடுகிற ஆட்டிறைச்சியைச் சாப்பிட வேண்டும்.

வசதிக் குறைவைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருந்தது. விடுதியில் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து வாரக் கட்டணம், குடும்பத்தலைவரின் சம்பளத்தை வைத்து நிர்ணயிக்கப்படும். சமைக்க அனுமதி இல்லாததால் சாப்பாட்டில் சிக்கனம் பிடிக்க வழி கிடையாது. கட்டணம் போக மிஞ்சுவதில் வெளியே ஒரு வீட்டுக்கு முன்பணம் சேர்க்க வேண்டும். வெளியேயோ வீட்டுப் பஞ்சம், மாநில வீட்டுவசதி அமைப்புகளில் ஆண்டுக்கணக்கான வரிசை. ஆக, சில மாதத்துக்கு என்று வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கினார்கள். 1952-ல் கட்டணம் உயர்த்தப்பட்டபோது பல விடுதிகளில் பிரிட்டிஷ் குடும்பங்கள் உயர்வைக் கட்ட மறுத்துப் போராடின. தொழிற்சங்கப் பழக்கம் ஊறிய ஆட்கள் அல்லவா, குழு அமைத்தார்கள், பத்திரிகைகளை அழைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்த ஆஸ்திரேலியத் தொழிலாளிக்கு எரிச்சல் வந்தது: தன் வரிப்பணத்தில் வந்து இறங்கிவிட்டு, தனக்கே வீடில்லாதபோது வீடு கேட்கிறானே என்று. அவன் எரிச்சலிலும் நியாயம் உண்டு, இவர்கள் குறையிலும் நியாயம் உண்டு. வாக்குறுதியை மிகைப்படுத்திச் சுவரொட்டி ஒட்டியவர்கள்தான் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லாமல் தப்பினார்கள்.

இருந்தாலும் சலுகை சலுகைதான். 1947 முதல் வந்த கிழக்கு ஐரோப்பிய அகதிகள் சுமார் 1,70,000 பேர் இரண்டு ஆண்டு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. மருத்துவப் பட்டம் வைத்திருந்தவரையும் அரசு சொன்ன இடத்தில் சாலை போடவோ கரும்பு வெட்டவோ அனுப்பலாம். பிரிட்டிஷ்காரருக்கு அந்தக் கட்டு இல்லை, பிடித்த வேலையைத் தேடிக்கொள்ளலாம். அவரைக் கட்டிய நிபந்தனை வேறு: இரண்டு ஆண்டுக்குள் நாட்டை விட்டால் அரசு செலவழித்த பயணத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும், திரும்பும் கட்டணமும் தன் பொறுப்பு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது ஒரு வீட்டுக்கான முன்பணம் அளவுக்கு வரும். அதனால் முதல் ஆறு மாதத்தில் நொந்துபோனவர்களும் இருபத்துநான்கு மாதத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தார்கள். அந்த நாட்களில் பேசாமலா இருப்பார்கள்?

போருக்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் இத்திட்டத்தில் போனார்கள். உச்சம் 1969, அந்த ஓராண்டில் மட்டும் எண்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் திரும்பினார்கள். திரும்பியதற்குக் காரணம் பெரும்பாலும் தோல்வி என்று நினைப்பது பிழை. வேலை நன்றாக இருந்து, வீடும் வாங்கி, அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள் என்று திரும்பியவர்கள் ஏராளம். குறிப்பாகப் பெண்கள்: கணவனுக்குத் தொழிற்சாலையில் சகாக்கள் கிடைத்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளியில் நண்பர்கள் கிடைத்தார்கள். புதிதாக எழுந்த புறநகரில் பேருந்தும் இல்லாமல், வெளிநாட்டுத் தொலைபேசிக்குக் கட்டும் வசதியும் இல்லாமல், கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தவள் அவள்தான். திரும்பியவர்களில் பலர் சில ஆண்டுகளில் மறுபடியும் ஆஸ்திரேலியா வந்தார்கள், இந்த முறை சொந்தச் செலவில்.

வெற்றியையும் சொல்லவேண்டும். அடிலெய்டுக்கு வடக்கே 1955-ல் தென் ஆஸ்திரேலிய வீட்டுவசதி டிரஸ்ட் தொடங்கிய எலிசபெத் நகரம், இவர்களுக்காகவே கட்டியதுபோல் இருந்தது. வாடகை வீடு தயார், பக்கத்திலேயே ஹோல்டன் கார் தொழிற்சாலை. வேல்ஸில் பாரி நகரில் பிறந்து 1966-ல் குடும்பத்தோடு அடிலெய்டுக்கு வந்த ஜூலியா கில்லார்ட் பின்னாளில் பிரதமரானார். அந்த ஹோல்டன் ஆலை 2017 அக்டோபரில் மூடப்பட்டது. ஒரே தொழிலை நம்பிக் கட்டிய ஊர் அதன் பிறகு பட்ட பாடு, குடியேற்றத் திட்டம் போடுகிற எவரும் படிக்க வேண்டிய பாடம்.

தனியாகச் சொல்ல வேண்டியது, துணையின்றி அனுப்பப்பட்ட பிள்ளைகள். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அனாதை என்று சொல்லிப் பலர் அனுப்பப்பட்டார்கள். பண்ணைப் பள்ளிகளிலும் மத நிறுவனங்களிலும் கொடுமைக்கு ஆளானார்கள். 2009 நவம்பர் 16 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், 2010 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனும் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களை "வெயில் தேடிப் போனவர்கள்" கணக்கில் சேர்க்காதீர்கள்.

சட்டம் பிரிட்டிஷ்காரரை வெளிநாட்டவராக நடத்தத் தொடங்கியது மிகத் தாமதமாகத்தான். 1975 வரை அவர்களுக்கு விசா தேவைப்படவில்லை. குடியுரிமை வாங்காமலே வாக்களித்தார்கள். 1984 ஜனவரி 26-க்கு முன் வாக்காளர் பட்டியலில் இருந்த பிரிட்டிஷ் குடிகள் இன்றும் வாக்களிக்கலாம். 1999-ல்தான், செனட்டர் ஒருவரின் தேர்தல் வழக்கில், அரசியல் சட்டத்தின் நோக்கில் பிரிட்டனும் "அயல்நாடு" என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தத் தாராளமே சிலருக்கு இன்று கண்ணியாகிவிட்டது. சிறுவயதில் 10 பவுண்ட் சீட்டில் வந்து, வாக்களித்து, வரி கட்டி, தான் குடிமகன்தான் என்று நினைத்தே வாழ்ந்தவர்கள் பலர். 1984 ஏப்ரல் 2 அன்று நாட்டில் இருந்து, அதற்குள் குடியேறி என்ற நிலையைக் கடந்துவிட்டவருக்குச் சட்டம் தானாகவே ஒரு விசாவைத் தருகிறது. அது உள்ளே இருக்க மட்டும் அனுமதி. நாட்டை விட்டு வெளியே காலடி வைத்தால் அது முடிந்துவிடும். அண்ணன் சாவுக்கு என்று அவசரமாக பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு லண்டன் போகிறவர், திரும்பும்போது விமான நிறுவனக் கவுன்டரில் விசா இல்லை என்று நிறுத்தப்படுகிறார். செய்ய வேண்டியது எளிது: கிளம்புவதற்கு முன் 155 எண்ணுள்ள குடியிருப்போர் திரும்பும் விசா எடுக்க வேண்டும், அதைவிட நல்லது குடியுரிமைக்கே விண்ணப்பிப்பது. குடியுரிமை இல்லாதவர் ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை பெற்றால், ஐம்பது வருடம் அங்கே வாழ்ந்திருந்தாலும் விசா ரத்தாகி நாடுகடத்தப்படலாம். உங்கள் ஆஸ்திரேலிய வாசகர்களுக்கும் இது பொருந்தும், நிரந்தர விசா வைத்திருப்பதால் குடியுரிமையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள்.

இன்று போகிறவர்கள் பெரும்பாலும் செவிலியர், மருத்துவர், ஆசிரியர், போலீஸ்காரர், எலக்ட்ரீஷியன். 2023 தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலிய அமைச்சர் ஒருவர் தலைமையில் ஒரு குழு பிரிட்டனுக்கே போய் ஆள் பிடித்தது. சம்பளம், பணிச்சுமை, பிள்ளைகளுக்கு விளையாட இடம், இவைதாம் அவர்கள் சொல்லும் காரணங்கள். நிரந்தர விசாவுக்கான புள்ளிக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றே: குறைந்தது 65 புள்ளி வேண்டும், அதில் வயதுக்காக 25 முதல் 32 வரை 30 புள்ளி, 40 ஆனால் 15, 45 ஆனால் கதவு மூடும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர் ஆங்கிலத் தேர்வு எழுதாமலே அடிப்படைத் தகுதி பெறுவார், ஆனால் அதற்குப் புள்ளி பூஜ்யம். 10 அல்லது 20 புள்ளி வேண்டுமானால் மதுரைக்காரரைப் போலவே மான்செஸ்டர்க்காரரும் தேர்வறையில் உட்கார வேண்டும். எழுத்துப் பிரிவில் மதிப்பெண் போதாமல் மறுபடி எழுதுகிற ஆங்கிலேயர்கள் உண்டு, ஏனென்றால் அந்தத் தேர்வு வினாவுக்குக் கட்டுக்கோப்பாக விடை எழுதுவதையும் அளக்கிறது.

எலக்ட்ரீஷியனுக்கு விசா கிடைத்தாலும் வேலை உடனே கிடைக்காது. திறன் மதிப்பீடு முடித்து, மாநிலத்தில் தற்காலிக உரிமம் எடுத்து, உரிமம் உள்ளவரின் மேற்பார்வையில் வேலை செய்துகொண்டே இடைவெளிப் பயிற்சி முடித்தால்தான் முழு உரிமம். காரணம் உண்டு. பிரிட்டனில் வீட்டு பிளக்குகளுக்கு வளையமாகத் திரும்பி வரும் இணைப்பு வழக்கம், ஆஸ்திரேலியாவில் அந்தப் பழக்கம் இல்லை, எர்த் கொடுக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. இதைக் கணக்கில் எடுக்காமல் வீட்டுக்கடன் திட்டம் போட்டு வந்து, ஓராண்டு உதவியாளர் சம்பளத்தில் தடுமாறுகிறவர்கள் பலர்.

சலுகை இன்னும் மிஞ்சியிருக்கும் இடம், விடுமுறையில் வந்து வேலை செய்யும் விசா. வர்த்தக ஒப்பந்தத்தின்படி பிரிட்டிஷ்காரர்கள் 35 வயதுவரை மூன்று முறை, பண்ணை வேலை நிபந்தனை இல்லாமல் அதைப் பெறலாம். இதே வகையில் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம், 30 வயதுவரை, அதுவும் குலுக்கலில்.

பெற்றோரை அழைப்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒரே தலைவலி. பிள்ளைகளில் பாதிப்பேராவது ஆஸ்திரேலியாவில் இருக்க வேண்டும், அல்லது வேறு எந்த ஒரு நாட்டையும்விட அங்கே அதிகம் பேர் இருக்க வேண்டும். லீட்ஸில் இருவர், பெர்த்தில் ஒருவர் என்றால் தகுதி இல்லை. தகுதி இருந்தாலும் பணம் கட்டும் வழியில் ஒருவருக்கு 45,000 டாலருக்கு மேல், அதற்கும் பல ஆண்டுக் காத்திருப்பு.

வயதானவர்களின் ஓய்வூதியம் உறைந்துபோவதும் நம் வாசகர்கள் அறிய வேண்டியது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் பிரிட்டனில் ஆண்டுதோறும் உயரும். ஆஸ்திரேலியாவில் குடியேறியவருக்கு உயராது. 2010-ல் வாரம் 97.65 பவுண்ட் முழு அடிப்படை ஓய்வூதியத்தோடு அங்கே போனவர் இன்றும் அதையே வாங்குகிறார். பிரிட்டனில் இருந்திருந்தால் 2025–26-ல் 176.45 பவுண்ட். இதற்கு எதிர்ப்புத் தெரிவித்து ஆஸ்திரேலியா 2001-ல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தையே ரத்துச் செய்தது, பிரிட்டன் மசியவில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதே விதிதான். லண்டனில் உழைத்து ஓய்வுக்குப் பின் யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ திரும்ப நினைப்பவர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டுரையோடு வந்த அட்டவணையில் இந்தியா, சீனா, நேபாளம், பிலிப்பைன்ஸ் இருந்தன, இங்கிலாந்து இல்லை. 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த இங்கிலாந்தில் பிறந்தோர் 9,27,490 பேர், இந்தியாவில் பிறந்தோர் 6,73,352 பேர். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தைச் சேர்த்தால் பிரிட்டிஷ் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டும். பேரணிக்காரர்கள் இந்த எண்ணை விட்டுவிடுவதற்கு அவர்களுக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. நீங்கள் விடுவதற்கு எந்த நோக்கமும் இருக்க முடியாது. அட்டவணையை அந்த வரியோடு மறுபடி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்,
அடிலெய்ட்